சணல் தாட்ட நிலத்தில் நான்கு வரிசை

அன்புள்ள மகளுக்கு,

ஏழு மாத வயிற்றோடு இருக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் எழுதலாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். எழுதக்கூடாது என்றுதான் முடிவும் செய்தேன். பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்துக்கொள். வாயால் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லாமல் விடுவது என் பழக்கம் என்பது உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு முதல்நாள் சொல்ல வேண்டிய புத்திகளைக்கூட ஒரு கொப்பித் தாளில் எழுதி, உன் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்தவள் நான். திருகோணமலைக்குப் போய் அதைக் கண்டெடுத்துச் சிரித்தாய் என்று எழுதியிருந்தாய். இதை வாசித்து நீ சிரிக்கமாட்டாய். பகலில், சாப்பிட்ட பிறகு, மருமகன் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வாசி.

பேற்றுக்கு இங்கே வருவதாக நீ எழுதிய கடிதத்தை ஐயாவுக்கு, நீ அப்பு என்று கூப்பிடும் என் அப்பாவுக்கு, நான்தான் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு எட்டு வயதான நாள் தொடக்கம் இந்த வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் அவருக்கு வாசித்தவள் நான். காணிக் கந்தோரிலிருந்து வந்ததும், சாவு சொல்லி வந்ததும், உன் அப்பா எனக்கு எழுதியதில் வாசிக்கக்கூடிய பகுதியும் என் குரலில்தான் அவர் காதுக்குப் போயின. உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார். சணல் இப்போது அவர் தோளுக்கு மேலே நிற்கிறது. நுனியில் மஞ்சள் பூ இறங்கத் தொடங்கிவிட்டது. "பிள்ளை வரேக்கை இதைத் தாட்டுப்போட்டிருப்பன். துடக்குத் தீட்டெல்லாம் கழிஞ்ச கையோடை குரக்கனை நட்டுவிடலாம்" என்றார். எண்பது வயதுக் கிழவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் உன் கடிதத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அன்றிரவிலிருந்துதான் இந்தக் கடிதம் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து காய்ச்சலில் போய்விட்டது என்று சொல்லி உன்னை வளர்த்தோம். அவளுக்குக் காய்ச்சல் வரவே இல்லை. மங்கையர்க்கரசி என்று ஐயா பெயர் வைத்தார். நாங்கள் மங்கை என்று கூப்பிட்டோம். அந்தப் பெயரை அவள் ஒரு மாதமும் முழுதாகக் கேட்கவில்லை. அவளைப் பற்றி உனக்குச் சொல்வதற்கு முதல் சணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படித் தொடங்காமல் எனக்கு அந்த இடத்துக்குப் போகத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாவரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது, பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து வீடுவரைக்கும் தலையை நிமிர்த்தாமல் நடந்தேன். ஊர் பார்க்கிறதே என்ற வெட்கம். படித்தது தலைக்கேறிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது. அதனால் வீட்டில் முன்னிருந்ததையும்விடக் குறைவாகக் கதைத்தேன். ஐயாவோடு படிப்பைப் பற்றி நான் வாய்திறந்தது ஒரே ஒரு நாள். அன்று அவர் பசளையாக மண்ணுக்குள் புதைத்துத் தாட்பதற்காகச் சணல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு செடியை வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக் காட்டினேன்.

"உதென்னடி, வேரிலை முட்டை வைச்சிருக்கு? புழுவே?"

"புழு இல்லை ஐயா. உந்த முடிச்சுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கு. காத்திலை இருக்கிற சத்தைப் பிடிச்சுச் சணலுக்குக் குடுக்கும். சணலைத் தாட்டால் அது குரக்கனுக்கு வரும்."

ஐயா ஒரு முடிச்சை நகத்தால் நசுக்கினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இரத்தமெல்லே ஓடுது! அப்ப இவ்வளவு காலமும் கூலி வாங்காமல் எனக்கு வேலை செய்தவை உவையளே?"

அடுத்த நாள் பக்கத்துத் தோட்டத்தில் அவர் குரல் கேட்டது. "சணல் வேருக்குள்ளை ஆக்கள் இருக்கினம். என்ரை பிள்ளை சொன்னவள்." நான் வீட்டுக்குள் ஓடிப் பாயில் முகம் புதைத்துக்கொண்டேன். சந்தோஷமும் வெட்கமும் ஒரே அளவாக இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொன்னால் அவர் கேட்பார். அது எனக்கு அன்றே தெரிந்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. சணல், பயறு, உழுந்து போன்றவை காற்றிலிருந்து எடுக்கும் நைதரசன் பெரும்பாலும் வேரில் தங்குவதில்லை. அது இலையிலும் தண்டிலும் மணியிலும்தான் இருக்கிறது. பயற்றைப் பிடுங்கிக் காயை நாமும் கொடியை மாடும் தின்றுவிட்டால், அடுத்து வரும் குரக்கனுக்கோ நெல்லுக்கோ கொஞ்சம்தான் மிஞ்சும். ஐயாவைப்போல முழுச் செடியையும் பூக்கிற பருவத்தில் தாட்டால்தான் நிலத்துக்கு நிறையச் சேரும். பச்சைத் தழை கெதியில் உக்கிவிடும். உக்கியதும் அந்தச் சத்து உப்பாக மாறித் தண்ணீரில் கரைந்து நிற்கும். கரைந்து நிற்கும்போது அதை உறிஞ்ச அங்கே ஒரு வேர் இருக்க வேண்டும். வேர் இருந்தாலும் முழுவதையும் எடுத்துவிடாது. ஒரு பங்கைத் தானியம் எடுக்கும். ஒரு பங்கு மண்ணிலேயே இறுகி அடுத்த போகத்துக்கும் அதற்கு அடுத்ததற்குமாக மெல்ல மெல்ல வெளிவரும். வேர் இல்லாத வெறும் நிலத்தில் மழை விழுந்தால் கரைந்தது தண்ணீரோடு கீழே இறங்கும். இந்தக் கடைசிப் பங்கைப் பற்றிப் பரீட்சையில் அரைப் பக்கம் எழுதினேன். "கீழ்நோக்கிக் கழுவப்பட்டு இழக்கப்படும்" என்று எழுதிக் கோடும் போட்டேன். இழக்கப்படும் என்றால் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மங்கை பிறந்த வருடம் சணல் இந்த வருடத்தைப்போலவே வாய்த்திருந்தது. ஐயா அதை வெட்டித் தாட்டு, மேலே பூவரசம் குழையும் போட்டு, மாட்டுப் பட்டியும் அடைத்திருந்தார். நிலம் கறுத்துப் புளித்த மணம் வீசியது. குரக்கன் நாற்று மேடையில் தயாராக நின்றது. புரட்டாதிக் கடைசியில் ஒருநாள் பின்னேரம் ஐயா நடத் தொடங்கினார். கிணற்றுப் பக்கத்திலிருந்து நான்கு வரிசை நட்டிருப்பார், எனக்கு வயிற்றுக் குத்துத் தொடங்கிவிட்டது. கையில் இருந்த நாற்றைப் போட்டுவிட்டு மருத்துவிச்சியைக் கூப்பிட ஓடினார். விடியப் பெண்பிள்ளை பிறந்தது. தலை நிறைய மயிர். அழும்போது கீழுதட்டை மட்டும் ஒரு பக்கமாக இழுப்பாள். நீயும் அப்படித்தான் இழுப்பாய். ஒவ்வொரு முறையும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ அதைக் கோபம் என்று நினைத்த நாட்கள் உண்டு.

பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகாமல் இருப்பதோடு மற்றவர்களுக்கு அது முடிந்துவிடும். ஐயாவுக்கு முடியாது. துடக்கு வீட்டில் விதை தொடமாட்டார், நாற்று நடமாட்டார். கூலிக்கு ஆள் பிடித்து நடலாமே என்று உன் அப்பா கேட்டபோது சொன்னார், "ஆர் நட்டாலும் நிலம் எங்கடைதானே, தம்பி. பிள்ளை பிறந்த துடக்கு நிலத்துக்கும்தான்." மிச்சத் தோட்டம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. சணல் உள்ளே உக்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் படுத்திருந்த எனக்கு அந்த மணம் வரும். வானமும் வடகிழக்கில் இருளத் தொடங்கியிருந்தது. படித்தது எல்லாம் அப்படியே கண்முன் நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. சத்து கழுவப்பட்டுப் போகும், விளைச்சல் கெடும். அவ்வளவுதான் அப்போது விளங்கியது.

உன் அப்பா அனுராதபுரம் ஸ்ரேசனில் வேலை செய்த காலம். லீவு முடிந்து போக முதல் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அதை ஐயாவிட்டைச் சொல்லன்" என்றார்.

"எனக்கு ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ."

"நான் ஒருக்காச் சொல்லி வாங்கிக் கட்டினது காணும். நீ சொன்னால் மனுசன் கேக்கும். சணல் வேருக்குள்ளை ஆக்கள் இருக்கினம் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்ச மனுசனெல்லே."

"ஏலாது."

"சரி, நான் போய் எழுதுறன்" என்று போனவர், சொன்னபடியே ஐயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். வழக்கம்போல அதை வாசிக்க வேண்டியவள் நான். துடக்கு அறையின் கதவை அரைவாசி சாத்திக்கொண்டு உள்ளே நான் இருந்தேன். முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டு ஐயா நின்றார். சுகம் விசாரித்தது, சம்பள லீவு, பிள்ளைக்குச் சட்டை வாங்கியது எல்லாம் வாசித்தேன். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "சணல் தாட்ட நிலத்தை வெறுமையாக விட வேண்டாம் ஐயா. மழை வந்தால் சத்தெல்லாம் கீழே போய்விடும் என்று உங்கள் மகள் சொல்கிறாள். அவள் படித்தவள். அவளைக் கேட்டு உடனே நடுங்கள்."

என் வாயால் நானே எப்படி வாசிப்பேன், அவள் படித்தவள் என்று? என் அப்பாவுக்கு முன்னால், அவருடைய நிலத்தைப் பற்றி, அவளைக் கேட்டு நடுங்கள் என்று? கண் அந்த வரிகளின்மேல் ஓடியது. வாய் ஓடவில்லை. "இப்படிக்கு" என்று முடித்துவிட்டேன்.

"அவ்வளவுதானோ?"

"ஓம் ஐயா. அவ்வளவுதான்."

"இவ்வளவு பெரிய கடதாசியிலை இவ்வளவுதானோ எழுதினவர்? மருமோன்ரை எழுத்துக் கொழுத்த எழுத்துப் போலை."

தானே சிரித்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனார். நானும் சிரித்தேன். கடிதத்தை நான்காக மடித்து, மடித்ததை இன்னும் ஒருமுறை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. அப்படி ஒரு ஐப்பசி மழையை நான் பிறகு காணவில்லை. நமது சிவப்பு மண்ணில் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு பெய்தாலும் குடிக்கும். கீழே முழுக்க ஓட்டையும் வெடிப்புமான சுண்ணாம்புக் கல். அன்று வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே கிணறுதான், துலா போட்டது. ஒரு கிழமைக்குள் தண்ணீர் மேலே வந்துவிட்டது. குனிந்து செம்பால் அள்ளலாம்போல இருந்தது. ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான்.

அந்தச் சமயத்தில் எனக்கு மாரில் பால்கட்டு வந்து, சீழ் பிடித்து, வெட்டவும் வேண்டியதாகிவிட்டது. பால் குறைந்து நின்றே போனது. தகரப் பால்மா வாங்கினோம். கிணற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கும், கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாரும் அவ்வளவு கவனம் எடுத்திருக்கமாட்டார்கள். ஒரு கொதி வந்ததும் இறக்கினால் போதாது என்று நினைத்து நெடுநேரம் அடுப்பில் விடுவேன். பானையில் பாதியாகச் சுண்டும்வரைக்கும் விடுவேன். அடுத்த வளவு அன்னம்மாக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்துக் கேட்பா, "என்னடி பிள்ளை, தண்ணி காய்ச்சுறியோ, கசாயம் வைக்கிறியோ? எங்கடை பிள்ளையள் எல்லாம் பச்சைத்தண்ணி குடிச்சுத்தானே காளை மாதிரி நிக்குதுகள். படிச்ச தாய்க்குப் பிறந்தாலும் கரைச்சல்தான்!" நான் இன்னொரு விறகை உள்ளே தள்ளுவேன். அன்று ஒரே ஒரு விஷயத்தில்தான் என் படிப்பைப் பற்றி எனக்கு உறுதி இருந்தது. அது அந்தப் பானை.

துடக்குக் கழிவு அன்று பெயர் வைத்தபோது மங்கை நன்றாக இருந்தாள். ஐயா மிச்ச நிலத்தில் முதிர்ந்துபோன நாற்றை நட்டார். கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் அவளுடைய உதட்டைச் சுற்றி ஒரு நிறம் வந்தது. நாவற்பழம் தின்ற வாய்போல. குளிர் என்று நினைத்து இன்னொரு துணி சுற்றினேன். பிறகு நகக் கண்களில் வந்தது. அழவில்லை. மூச்சு இழுக்கவும் இல்லை. பாலை மட்டும் நன்றாகக் குடித்தாள். குடிக்கிறாளே என்று நான் இன்னும் கரைத்துக் கொடுத்தேன். ஒருநாள் காலை எழுப்பினால் எழும்பவில்லை. மாட்டு வண்டியில் கொண்டு ஓடினோம். டொக்டர் குதிக்காலில் குத்தி எடுத்த இரத்தம் சிவப்பாக இல்லை. கோப்பி நிறத்தில் இருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இருதயத்திலை பிறவிக் கோளாறாக இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பின்னேரம் ஆகமுதல் அவள் போய்விட்டாள். வண்டியில் திரும்பி வரும்போது துணியை விலக்கிப் பார்த்தேன். முகத்தில் ஒரு நோவும் இல்லை. நீலம் மட்டும் இருந்தது.

நான் அழுது முடித்து வெளியே வந்து தோட்டத்தைப் பார்த்தது மார்கழியில். கிணற்றடியில் அந்த நான்கு வரிசை, மங்கை வர முதல்நாள் நட்டது, இடுப்புக்கு மேலே கருநீலப் பச்சையாகத் தழைத்து நின்றது. ஒவ்வொரு புதரிலும் கதிர் கைபோல விரிந்திருந்தது. அதற்கு அப்பால், ஒரு முழம்கூட இடைவெளி இல்லை, மிச்சக் குரக்கன் முழுதும் வெளிறிச் சோகை பிடித்து முழங்காலுக்கு நின்றது. அதே மண், அதே சணல், அதே நாற்று மேடை. நாற்று முதிர்ந்ததால் வந்த வினை என்றார் ஐயா. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் நான் ஒரு மூலையில் நான்கு கைப்பிடி வெள்ளை உரம் தூவிப் பார்த்தேன். ஒரு கிழமையில் அந்த மூலை மட்டும் கரும்பச்சையாகிவிட்டது. பயிருக்குப் பசி. தாட்ட சணலில் இருந்ததை நேரத்தோடு வேர் வைத்திருந்த நான்கு வரிசை எடுத்துக்கொண்டது. மற்றதற்கு வேர் வந்து சேரும்போது சாப்பாடு போய்விட்டது. எல்லாம் சரியாகப் பார்த்தேன், மகளே. எங்கே போனது என்று மட்டும் கேட்கவில்லை. அப்படி நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் கிணறு இருந்தது.

உன் அப்பா வந்தபோது அந்த வெளிறிய நிலத்தைப் பார்த்துக் கேட்டார், "நான் எழுதினதை ஐயா கேக்கேல்லையே?"

நான் சொன்னேன், "இல்லை. கேக்கேல்லை."

அந்த ஒரு சொல்லில் ஐயா பிடிவாதக்காரர் ஆகிவிட்டார். உன் அப்பா சாகும்வரைக்கும், ஏறக்குறைய இருபது வருடம், "உன்ரை கொப்பர் ஆற்றை சொல் கேட்டவர்" என்று ஏதாவது ஒன்றுக்குச் சொல்லாத மாதம் இல்லை. நீயும் அதைக் கேட்டு, அப்பு ஒரு முரடர் என்றுதான் வளர்ந்தாய். ஐயா என் சொல்லைத் தட்டவில்லை. அவருக்கு அந்தச் சொல் போய்ச் சேரவே இல்லை.

நீ இரண்டு வருடம் கழித்து மாசியில் பிறந்தாய். எனக்குப் பால் நிறைய இருந்தது. நீ தப்பியது என் கெட்டித்தனத்தால் என்று நினைக்காதே.

மூன்று வருடத்துக்கு முன், உன் அப்பா போன அடுத்த வருடம், தோட்டக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க ஒரு பையன் சைக்கிளில் வந்தான். சின்ன வயது உத்தியோகத்தர், புதிதாகப் படித்து வந்தவன். என்னைப்போலவே நிலத்தைப் பார்த்துக் கதைத்தான். போத்திலில் நிரப்பிக்கொண்டு போய்ச் சில கிழமை கழித்து ஒரு தாளோடு திரும்பி வந்தான்.

"ரீச்சர், உங்கடை கிணத்திலை நைத்திரேற்றுக் கூட. உரம், எரு, தாட்ட தழை, எல்லாத்தாலையும் வாறதுதான். பெரியாக்களுக்கு உடனை ஒண்டும் தெரியாது. கைக்குழந்தையளுக்கு மட்டும் உந்தத் தண்ணியிலை பால்மா கரைச்சுக் குடுக்காதேங்கோ."

"குடுத்தால்?"

"இரத்தம் காத்தைப் பிடிக்காது, ரீச்சர். பிள்ளை நீலம் பாய்ஞ்சு போகும்."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "கொதிக்க வைச்சுக் குடுத்தால்?"

அவன் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். விஞ்ஞான ரீச்சர் இப்படிக் கேட்கிறாரே என்று நினைத்திருப்பான். "கொதிக்க வைச்சால் தண்ணிதானே ரீச்சர் குறையும். உப்பு எங்கை போறது? இன்னும் கூடும்" என்றான்.

அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் அன்றிலிருந்து எனக்கு வேறு சத்தமாகிவிட்டது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு மிஞ்சும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் செய்து காட்டியவள் நான். கிண்ணத்தின் அடியில் படியும் வெள்ளையை விரலால் தொட்டுப் பாருங்கள் என்று சொன்னவள்.

அதுதான் நடந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. டொக்டர் சொன்னதுபோல இருதயமாகவும் இருக்கலாம். பட்டி அடைத்த எருவாக இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீராக இருக்கலாம். ஒரு வரியை வாசித்திருந்தால் ஐயா நட்டிருப்பாரா, நட்டிருந்தாலும் அந்த மழைக்கு முன் இளம் வேர் எவ்வளவைப் பிடித்திருக்கும், ஒன்றும் தெரியாது. தெரியாதது எனக்கு ஆறுதலாக இல்லை. தெரிந்திருந்தால் ஒரு நாள் அழுது முடித்திருப்பேன். இப்போது ஒவ்வொரு கார்த்திகையும் கிணற்றில் தண்ணீர் மேலே வரும்போது நான் கட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். குனிந்தால் என் முகம் தெரியும். அந்த நான்கு வரிசையை இன்றைக்கும் பகலில் காண்கிறேன். வெங்காயம் நட்டிருந்தாலும், மிளகாய் நட்டிருந்தாலும், அந்த இடத்தில் அது கருநீலமாக நிற்கிறது.

நீ இங்கே வா. வராதே என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். முதல் பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வராத பிள்ளை என்று உன்னை ஆக்க எனக்கு உரிமை இல்லை. வா. உனக்கும் பிள்ளைக்கும் குடிக்க இந்தக் கிணற்றில் ஒரு சொட்டும் எடுக்கமாட்டேன். தோட்டங்களுக்கு அப்பால், மேற்கே மணற்பாட்டில் பனங்காணிக்குள் ஒரு கிணறு இருக்கிறது. அதன் தண்ணீரை அந்தப் பையனிடமே கொடுத்துச் சோதித்துவிட்டேன். நல்ல தண்ணீர். தினமும் இரண்டு பரல் கொண்டுவர வண்டிக்காரரிடம் சொல்லியாயிற்று. பாலை நீயே கொடு. மார் நொந்தால் வெட்கப்படாமல் முதல் நாளே சொல், என்னைப்போல ஒரு கிழமை மறைக்காதே. வேறு எதையும் மறைக்காதே. உனக்குச் சரி என்று தெரிந்ததைச் சபையில் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த அறையில் இருப்பவருக்காவது சொல்லு. படித்ததை வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பது அடக்கம் என்று நான் நினைத்தேன். அது அடக்கம் இல்லை, பிள்ளை.

மங்கையின் கதை ஐயாவுக்குத் தெரிய வேண்டாம். துடக்கென்று நடாமல் விட்டதால் பிள்ளை போயிருக்கலாம் என்று எண்பது வயதில் அவர் அறிய வேண்டியதில்லை. அது அவருடைய பிழையும் இல்லை.

இனி நான் கேட்க வந்தது. நிலம் இப்போது உன்னுடையது. சீதனமாக உன் பெயருக்கு எழுதியாகிவிட்டது. வருகிற கிழமை ஐயா சணலைத் தாட்கப் போகிறார். உனக்கு ஐப்பசி நடுவில் நாள். அதற்கு முன் நட நேரம் இருக்கிறது. அவரோ துடக்குக் கழியட்டும் என்று மறுபடியும் நிலத்தை வெறுமையாக விடப்போகிறார். ஒரு தோட்டத்தில் நேரத்தோடு குரக்கன் நட்டதால் இந்தக் கிணறு நல்ல கிணறாகிவிடாது. ஊர் முழுக்க மிசின் போட்டு இறைக்கிறார்கள், ஊர் முழுக்க உரம் போடுகிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

அப்புவுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. சணலைத் தாட்டு உக்கினதும் குரக்கனை நடுங்கோ, பிள்ளை பிறந்தாலும் நிறுத்த வேண்டாம், நிலம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று அம்மா சொல்லுறா, அம்மா படிச்சவ, அவவைக் கேட்டு நடுங்கோ என்று எழுது. இந்தச் சொற்களையே எழுது. கடிதம் வந்ததும் அவர் முற்றத்தில் வந்து நிற்பார். வாசிக்கப் போகிறவள் நான். உனக்காக வாசிப்பதுபோல அவருக்கு இருக்கும்.

அதைக் கடைசி வரியாக மட்டும் எழுதாதே. கடைசியில் இருந்தால் நான் விட்டுவிடக்கூடும். முதல் வரியாக எழுது.

அம்மா